சோடியம் பிசிஏ லோஷனைச் சொந்தப் பெயரில் விற்க: தோட்டத்து ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்திலும் தாமானிலும் (குடியிருப்புப் பகுதி) இருக்கும் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே ஏதாவது தொழில் செய்யப் பார்க்கிறார்கள். முறுக்கு, மசாலைத்தூள், ஜாக்கெட் தையல் என்று இருந்த வரிசையில் இப்போது கைக்கும் முகத்துக்கும் பூசும் லோஷனும் சேர்ந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் எந்த ஆபிஸுக்கு முதலில் போக வேண்டும், எந்தத் தாள் எதற்கு என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. நான் இதில் இறங்கியபோது ஒரு கவுண்டரில் ஒரு பதில், இன்னொரு கவுண்டரில் வேறு பதில். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது சோடியம் பிசிஏ என்ற ஈரம் காக்கும் பொருள் சேர்த்த லோஷனுக்கு, அதுவும் தீபகற்ப மலேசியாவுக்கு. சபா, சரவாக்கில் வணிகப் பதிவு முறை வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு அடுப்படியில் கலக்கி, பாட்டிலில் ஊற்றி, வாட்ஸாப்பில் விற்பது சட்டப்படி முடியாது. ஒப்பனைப் பொருள் எதுவானாலும் ஜிஎம்பி என்ற உற்பத்தி நடைமுறையைப் பின்பற்றும் இடத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். விற்பதற்கு முன் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏவிடம் அறிவித்திருக்க வேண்டும்; இதைத்தான் நோட்டிபிகேஷன் என்பார்கள். மீறினால் தனி ஆளுக்கு முதல் தடவையே 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனமாக இருந்தால் 50,000 வெள்ளி வரை. எனவே நம் ஊரிலிருந்து இதைச் செய்ய நடைமுறையில் இருக்கும் வழி, மற்றவர் பிராண்டுக்குப் பொருள் செய்து தரும் ஓஇஎம் தொழிற்சாலை ஒன்றில் செய்யக் கொடுத்து, உங்கள் பெயரில் விற்பது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான்.

1. பொருளைப் புரிந்துகொள்ளுங்கள்

தொழிற்சாலைக்காரர் பேசுவது உங்களுக்குப் புரிய வேண்டும். அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

சோடியம் பிசிஏ, குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருவது. அந்த அமிலத்தைச் சூடாக்கினால் தண்ணீர் பிரிந்து போய், மிஞ்சியது வளையமாக மூடிக்கொள்ளும். அதுதான் பிசிஏ. அதன் சோடியம் உப்பைத்தான் லோஷனில் சேர்க்கிறார்கள். நம் தோலின் மேலடுக்கிலும் பிசிஏ இயற்கையாகவே இருக்கிறது. அங்குள்ள ஃபிலாக்ரின் என்ற புரதம் சிதைந்து, தோல் தன் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களாக மாறுகிறது. அந்தக் கூட்டில் ஏறத்தாழ 12 சதவீதம் பிசிஏ. ஆக, இது தோலுக்குப் பழக்கமான பொருள். தண்ணீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும், தோலை மென்மையாக்கும். அவ்வளவுதான் இதன் வேலை. வெள்ளையாக்காது, கரும்புள்ளியைப் போக்காது, சொறி சிரங்கைக் குணமாக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் எழுதும்போது மறுபடியும் வரும்.

கவனிக்க வேண்டியவை சில:

கடையில் இது பெரும்பாலும் 50 சதவீதக் கரைசலாக வரும். நிறமில்லாமலோ லேசான மஞ்சளாகவோ இருக்கும். 100 கிராம் லோஷனில் 4 கிராம் கரைசல் போட்டால், உள்ளே போவது 2 கிராம் சோடியம் பிசிஏ மட்டுமே. "4 சதவீதம் போட்டிருக்கிறோம்" என்று தொழிற்சாலை சொன்னால், கரைசலா அசல் பொருளா என்று கேளுங்கள். விலை பேசும்போது பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் மட்டும் உள்ள தைலத்தில் இதைச் சேர்க்க முடியாது. தண்ணீர் உள்ள பொருள் என்றால் கிருமி வளரும். கெடாமல் காக்கும் பொருள் கட்டாயம். பீனாக்சி எத்தனால் என்பது பலர் பயன்படுத்துவது, அதன் உச்ச வரம்பு 1 சதவீதம். நைட்ரோசமைன் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கக்கூடிய பொருள்களோடு பிசிஏவைச் சேர்க்கக் கூடாது என்பது இந்தப் பொருளுக்கான பாதுகாப்பு எச்சரிக்கை. அதனால் அந்த வகையைச் சேர்ந்த ப்ரோனோபோல் என்ற காப்புப் பொருள் உங்கள் ஃபார்முலாவில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

நம் ஊர் புழுக்கத்தில் ஈரம் ஈர்க்கும் பொருளை அள்ளிப் போட்டால் கை பிசுபிசுக்கும். நான் பரிந்துரைப்பது, லோஷனில் 50 சதவீதக் கரைசல் 2 முதல் 4 சதவீதம், கூட மூன்று சதவீதம் போல கிளிசரின், மேலே ஒரு லேசான எண்ணெய். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 5.5 அளவில் இருக்கட்டும். அதிகம் போட்டால் அதிகம் வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள்.

2. எஸ்எஸ்எம் பதிவு

எஸ்எஸ்எம் என்பது வணிகங்களைப் பதியும் அரசு ஆணையம். தொழிற்சாலை தேடுவதற்கு முன் இதை முடியுங்கள். தனி ஆள் வணிகமாக, அதாவது எண்டர்பிரைஸாகப் பதிவு செய்தாலே போதும். ஆரம்பத்திலேயே செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) திறக்கத் தேவையில்லை.

கட்டணம் எளிது. ஐசியில் (அடையாள அட்டை) உள்ள உங்கள் சொந்தப் பெயரிலேயே வணிகம் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. வணிக விவரத் தாளுக்கு 10 வெள்ளி. ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரை கட்டலாம். வணிகம் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. ஈஸிபிஸ் இணையத்தளத்தில் செய்யலாம். அல்லது ஐசியை எடுத்துக்கொண்டு ஈப்போவில் உள்ள எஸ்எஸ்எம் ஆபிஸுக்குப் போகலாம்.

பொறி எங்கே என்றால், "வணிகத்தின் தன்மை" என்று ஒரு கட்டம் வரும். அங்கே பலர் "பொது வியாபாரம்" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். ஒப்பனைப் பொருள் விற்பனை என்று தெளிவாகச் சேர்த்துவிடுங்கள். என்பிஆர்ஏவிடம் போகும்போது உங்கள் வணிகத்தில் ஒப்பனைப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் திரும்ப எஸ்எஸ்எம்முக்கு வந்து திருத்த வேண்டியிருக்கும்.

3. முகவரி

தோட்டத்தில் இருப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

லேபிளில் போடும் முகவரிதான் உங்கள் பொருளின் ஆவணக் கோப்பு இருக்க வேண்டிய இடம். அதிகாரி வந்து கேட்டால் அங்கே எடுத்துக் காட்ட வேண்டும். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. வேலையை விட்டால், ஓய்வு பெற்றால், அந்த முகவரி போய்விடும்; அதோடு அச்சடித்த லேபிளும் வீண். நிர்வாகம் வணிகத்துக்கு அனுமதிக் கடிதம் தருமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். தாமானில் அண்ணனோ சித்தியோ சொந்த வீட்டில் இருந்தால், அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி அந்த முகவரியைப் போடுங்கள். உங்கள் தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தர்) இதைப் பற்றி முன்பே பேசிவிடுவது நல்லது. பிறகு பிரச்சினை வராது.

வணிக லைசென்ஸ் ஊராட்சி மன்றத்திடம். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. வீட்டில் சரக்கு வைத்து விற்பது, கடை வைத்து விற்பது, பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) மேசை போடுவது எல்லாம் வேறு வேறு லைசென்ஸ். எஸ்எஸ்எம் தாள், ஐசி நகல், முகவரிச் சான்று மூன்றையும் கொண்டுபோய், "நான் செய்யப்போவது இது" என்று விளக்கிக் கேளுங்கள்.

4. தொழிற்சாலை தேர்வு

அதிக நேரமும் பணமும் போகும் படி இது. ஒரு தொழிற்சாலையோடு நிறுத்தாதீர்கள், குறைந்தது மூன்றிடம் விலை கேளுங்கள். கேட்கும்போது கீழே உள்ளவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

ஜிஎம்பி தகுதி பற்றிய ஆவணம். குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை பாட்டில். மாதிரிக்குத் தனிக் கட்டணமா, எத்தனை தடவை திருத்தித் தருவார்கள். பாட்டிலும் லேபிளும் விலைக்குள் அடங்குமா. பரிசோதனைச் செலவு யார் தலையில்.

இப்போது முக்கியமான கேள்வி: நோட்டிபிகேஷன் யார் பெயரில் இருக்கும்?

பல தொழிற்சாலைகள் "நாங்களே எல்லாம் செய்து தருகிறோம், நீங்கள் விற்றால் போதும்" என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் நோட்டிபிகேஷன் அவர்கள் பெயரில் இருந்தால் பொருளின் பொறுப்பும் உரிமையும் அவர்களிடம். நாளை விலையை ஏற்றினால் வேறு இடத்துக்குப் போக முடியாது. புதிதாகத் தொடங்க வேண்டும். லேபிளிலும் அவர்கள் பெயர்தான் இருக்கும். உழைப்பு உங்களுடையது, பெயர் அவர்களுடையது என்று ஆகிவிடும். தொடக்கத்தில் கொஞ்சம் சிரமமாக இருந்தாலும் நோட்டிபிகேஷனை உங்கள் வணிகத்தின் பெயரிலேயே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. தொழிற்சாலையோடு ஒப்பந்தக் கடிதம் போட்டுக்கொள்ளுங்கள்: ஃபார்முலா யாருடையது, முழுப் பொருள் பட்டியலை உங்களுக்குத் தருவார்களா, தரம் தவறினால் யார் பொறுப்பு. பட்டியல் தரமாட்டோம் என்று சொல்லும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

சோடியம் பிசிஏவுக்கு மட்டும் தனியாக மூன்று தாள் கேளுங்கள்: அந்தத் தொகுதியின் (ஒரே தடவையில் செய்த சரக்கு) பகுப்பாய்வுச் சான்றிதழ், பாதுகாப்புத் தரவுத் தாள், பொருள் எதிலிருந்து வந்தது என்ற கடிதம். குளூட்டமிக் அமிலம் பெரும்பாலும் வெல்லப்பாகு போன்ற இனிப்புப் பொருள்களை நொதிக்க வைத்துக் கிடைப்பது. சைவம் பார்க்கிறவர்களும் முஸ்லிம் வாடிக்கையாளர்களும் கேட்பார்கள். கடிதம் கையில் இருந்தால் தயங்காமல் பதில் சொல்லலாம். ஆனால் ஜாகிம் (இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) சான்றிதழ் இல்லாமல் ஹலால் என்று லேபிளில் போடக் கூடாது.

இணையச் சந்தையில் சின்னச் சின்னப் பாட்டிலில் சோடியம் பிசிஏ விற்கிறார்கள். தொகுதி எண் இல்லை, சான்றிதழ் இல்லை. அதை வாங்கித் தொழிற்சாலைக்குக் கொடுத்துச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

5. பரிசோதனையும் ஆவணக் கோப்பும்

நேரத்தைத் தின்பது இந்தப் படி. பொருள் கெடாமல், பிரியாமல் இருக்கிறதா என்று பார்க்கும் நிலைப்புச் சோதனையில் 40 டிகிரி வெப்பத்தில் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பது வழக்கம். தீபாவளிக்கு விற்க நினைத்தால் ஆண்டுத் தொடக்கத்திலேயே மாதிரி கையில் இருக்க வேண்டும். சிலர் "இரண்டு வாரம் போதும்" என்பார்கள். நம் வெயிலில் லாரியிலும் காரிலும் கிடந்து வரும் பொருளுக்கு அது போதாது.

கிருமிச் சோதனையில் ஒரு கிராமுக்கு மொத்தக் கிருமி 1,000க்கு மேல் போகக் கூடாது. கண்ணைச் சுற்றிப் பூசுவதற்கும் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கானதற்கும் 500. கன உலோகங்களுக்கும் வரம்பு உண்டு: பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஈயம் 20, ஆர்செனிக் 5, காட்மியம் 5.

இந்த அறிக்கைகளோடு ஃபார்முலா, மூலப்பொருள் சான்றிதழ்கள், உற்பத்தி முறை, பாதுகாப்பு மதிப்பீடு, லேபிள் நகல், நீங்கள் சொல்லும் பயனுக்கு ஆதாரம் எல்லாம் சேர்ந்ததுதான் பிஐஎஃப் என்னும் பொருள் தகவல் கோப்பு. பாதுகாப்பு மதிப்பீட்டில் தகுதி உள்ளவர் கையெழுத்திட வேண்டும்: மருந்தியல், நச்சியல், தோல் மருத்துவம் போன்ற படிப்பு உள்ளவர். தொழிற்சாலையில் அப்படி ஒருவர் இருக்கிறாரா, அவருக்குத் தனிக் கட்டணமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடைசித் தொகுதி சந்தைக்கு வந்த பிறகும் மூன்று ஆண்டு கோப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு நகலைக் காகிதத்திலும் ஒரு நகலை பென்டிரைவிலும் வையுங்கள்.

6. நோட்டிபிகேஷன்

பெட்டாலிங் ஜெயாவில் உள்ள என்பிஆர்ஏவுக்கு நேரில் போக வேண்டியதில்லை. குவெஸ்ட் 3 பிளஸ் என்ற இணைய முறையில் எல்லாம் நடக்கும். முதலில் உங்கள் வணிகத்தைப் பதிவு செய்து, டிஜிட்டல் சான்றிதழ் வாங்க வேண்டும். எஸ்எஸ்எம் தாளில் உள்ள பெயரும் முகவரியும் இங்கே எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். சான்றிதழுக்கும் காலாவதி உண்டு. தேதியைக் குறித்து வையுங்கள்.

அப்புறம் பொருளின் பெயர், பயன்பாடு, உற்பத்தியாளர் விவரம், முழுப் பொருள் பட்டியல் நிரப்ப வேண்டும். கட்டணம் ஒரு பொருளுக்கு, ஒவ்வொரு வகைக்கும் 50 வெள்ளி. மல்லிகை வாசம், ரோஜா வாசம் என்று இரண்டு வைத்தால் இரண்டு வகை. அதனால் முதலில் ஒரே வாசனையோடு தொடங்குங்கள். சில நூறு வெள்ளியை இப்படித்தான் மிச்சம் பிடிக்கலாம்: பரிசோதனைச் செலவும் வகைக்கு வகை கூடும்.

கிடைக்கும் எண் என்ஓடி என்று தொடங்கி, ஒன்பது இலக்கங்கள் வந்து, கே என்று முடியும். இரண்டு ஆண்டு செல்லும். எண் கைக்கு வரும் வரை முன்பதிவு என்ற பெயரில்கூட விற்காதீர்கள். லேபிளையும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

7. லேபிள்

லேபிளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயரும் அது எதற்கு என்பதும், பயன்படுத்தும் முறை, முழுப் பொருள் பட்டியல், எந்த நாட்டில் செய்தது, சந்தைக்குக் கொண்டுவரும் உங்கள் வணிகத்தின் பெயரும் முகவரியும், எடை அல்லது கொள்ளளவு, தொகுதி எண், செய்த தேதி அல்லது காலாவதி தேதி, எச்சரிக்கை ஏதும் இருந்தால் அதுவும். 30 மாதத்துக்குக் குறைவாக நிற்கும் பொருளுக்குக் காலாவதி தேதி கட்டாயம்.

மலாய் அல்லது ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். தமிழில் அழகாகப் பெயர் போடலாம், போடுங்கள். ஆனால் தமிழ் மட்டும் போதாது.

பொருள் பட்டியல் அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வரிசையாக வர வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் குறைவானவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். சோடியம் பிசிஏவை அதே அனைத்துலகப் பெயரில் போட வேண்டும்; "அமினோ அமிலச் சாறு", "இயற்கை ஈரச் சத்து" என்றெல்லாம் பட்டியலில் எழுத முடியாது.

"கேகேஎம் அங்கீகாரம் பெற்றது" என்று லேபிளிலோ முகநூலிலோ போடாதீர்கள். நோட்டிபிகேஷன் என்பது நீங்கள் அறிவித்ததற்கான எண். கேகேஎம், அதாவது சுகாதார அமைச்சு, பொருளைச் சோதித்து நற்சான்று தந்ததாக அர்த்தம் இல்லை.

8. விளம்பரம்

தோலை ஈரமாக, மென்மையாக வைக்கும் என்று சொல்லலாம். எக்ஸிமா போகும், புண் ஆறும், படை மறையும் என்று சொன்னால் அது மருந்துக்கான பேச்சு. அங்கே வேறு சட்டம் வந்துவிடும். வாடிக்கையாளர் அக்கா ஒருவர் "என் படை போயிருச்சு" என்று அனுப்பிய குரல் செய்தியை நீங்கள் பகிர்ந்தாலும் அது உங்கள் விளம்பரம்தான்.

கோயில் திருவிழாக் கடைகளிலும் வாட்ஸாப்பிலும் இரண்டே வாரத்தில் வெள்ளையாக்கும் கிரீம்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றோடு போட்டி போட முயலாதீர்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கலந்திருந்ததால் என்பிஆர்ஏ நோட்டிபிகேஷனை ரத்து செய்த பொருள்களின் பெயர்கள் அடிக்கடி வெளியாகின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் பெண்கள் அதைத் தினமும் முகத்தில் பூசுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை. மெதுவாக, பாதுகாப்பாக வேலை செய்யும் ஒரு லோஷனை நேர்மையாக விற்க இதுவே போதுமான காரணம்.

9. பணம், பெயர்ப் பாதுகாப்பு

எஸ்எஸ்எம் தாளோடு வணிகக் கணக்கு திறந்து, வீட்டுப் பணத்தையும் லோஷன் பணத்தையும் பிரித்து வையுங்கள். முதலீடு வேண்டும் என்றால், சிறு தொழில்களுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான டெக்குன் நேஷனலின் ஸ்புமி கடனுதவி இந்தியத் தொழில்முனைவோருக்கானது. பதிவும் லைசென்சும் தயாராக இருந்தால் விண்ணப்பிக்க எளிது.

பிராண்டு பெயரை மைஐபிஓவில் (அறிவுசார் சொத்துரிமைக் கழகம்) வணிக முத்திரையாகப் பதிய, ஒரு வகுப்புக்கு, அவர்களின் தயார் பட்டியலிலிருந்து பொருளைத் தேர்ந்தால் 950 வெள்ளி. நீங்களே எழுதினால் 1,100 வெள்ளி. ஒப்பனைப் பொருள் 3ஆம் வகுப்பு. பத்து ஆண்டு செல்லும். முதல் தொகுதி விற்றுப் பார்த்துவிட்டுக் கட்டலாம். ஆனால் பெயர் ஏற்கெனவே வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதை லேபிள் அச்சடிக்கும் முன்பே செய்துவிடுங்கள்.

10. விற்ற பிறகு

எந்தத் தொகுதி எண் யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பொருளைத் திரும்பப் பெற வேண்டி வந்தால் அந்த நோட்டு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு மூன்று பாட்டில் விற்காமல் எடுத்து வையுங்கள்.

யாருக்காவது அரிப்பு, தடிப்பு வந்தால் முதலில் பூசுவதை நிறுத்தச் சொல்லுங்கள்; தேதி, தொகுதி எண், படம் எல்லாம் கேட்டு வாங்குங்கள். கடுமையான பாதிப்பு என்றால் என்பிஆர்ஏவுக்கு 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உயிருக்கே ஆபத்தானது என்றால் ஏழு நாளுக்குள். பேசிச் சமாதானம் செய்து மூடிவிடப் பார்க்காதீர்கள்.

வாசனையையோ காப்புப் பொருளையோ தொழிற்சாலை தன் பாட்டுக்கு மாற்றினால் குவெஸ்டில் உள்ள பட்டியலும் லேபிளும் பொய்யாகிவிடும். அதனால் ஒவ்வொரு புதுத் தொகுதிக்கும் பொருள் பட்டியலை மறுபடியும் எழுத்தில் வாங்கி ஒத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள்; டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் அதைச் சரிசெய்யவே சில நாள் போய்விடும்.